பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா? செலவுக்கு முன் சோதனை!



மளிகைக் கடையோ மொத்தக் கடையோ, இன்று வண்டி இல்லாமல் வியாபாரம் இல்லை. மார்க்கெட்டில் சரக்கெடுப்பதும் ஓட்டலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கொண்டுபோய் இறக்குவதும் வண்டியை நம்பித்தான் நடக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது புது வண்டியல்ல. மாருதி ஆம்னி உற்பத்தி 2019-லும், அம்பாசிடர் உற்பத்தி 2014-லும் நின்றுவிட்டன. ஆனாலும் எத்தனையோ கடை வாசல்களில் அவை இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பழைய வண்டி வைத்திருப்பது குறைவான விஷயமல்ல. அதன் குணம் தெரியாமல் வைத்திருப்பதுதான் குறை.

பழைய வண்டிகளில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு. சும்மா ஓடும்போது வண்டி ஒழுங்காகப் போகும். பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறும். வேகம் குறையக் குறைய உதறலும் அடங்கிவிடும். டிரைவர் சொல்வார், நாமும் "சரி, அலைன்மென்ட் பார்த்துக்கொண்டு வா" என்று பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். பணம் வீணாகத் தொடங்கும் இடம் இதுதான். உயிருக்கு ஆபத்து தொடங்கும் இடமும் இதுவே. ஆகவே இந்த ஒரு கோளாறைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரு வியாபாரிக்கு நேர்ந்தது

எங்கள் சேலம் லீ பஜாரில் சரக்கெடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவரின் ஆம்னி வேனுக்கு இந்த உதறல் வந்தது. முதலில் வீல் அலைன்மென்ட் செய்தார், உதறல் போகவில்லை. வீல் பேலன்சிங் செய்தார்; போகவில்லை. டயர் தேய்ந்திருக்கிறது என்று முன்பக்கம் இரண்டு புது டயர் போட்டார், அப்போதும் போகவில்லை. கடைசியில் ஸ்டியரிங் ராக்கையே மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். நல்ல வேளையாக அதற்கு முன் வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினார். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

"முதலாளி, பிரேக் பிடிக்காதப்போ ஆடுதா?"

"இல்லீங்க, பிடிச்சாத்தான்."

"கடைசியா முன் சக்கரத்தைக் கழட்டினது எப்போ?"

"நாலஞ்சு மாசம் முன்னாடி, பஞ்சர் போட."

அதன்பிறகு சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கை அளந்து பார்த்தார். கோளாறு டிஸ்க்கில்தான் இருந்தது. அதற்கு முன்பே மூன்று செலவு முடிந்துவிட்டது. அலைன்மென்டும் பேலன்சிங்கும் வண்டிக்கு நல்லவைதான். ஆனால் இந்த நோய்க்கு மருந்து அவையல்ல. இருப்பில் சரக்கு குறைந்தால் நாம் உடனே தராசை மாற்றுவதில்லை. வரவுப் புத்தகம், பற்றுப் புத்தகம், இருப்பு என்று வரிசையாகப் பார்த்துத்தான் எங்கே தவறியது என்று கண்டுபிடிப்போம். வண்டிக்கும் அதே முறைதான்.

உதறல் எப்படி வருகிறது?

ஆம்னி, டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின் சக்கரத்தில் டிரம் பிரேக். பழைய அம்பாசிடர்களில் பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வார்ப்பிரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் உள்ள பேடுகள் அந்தத் தட்டை இறுக்கிப் பிடிக்கும். தட்டு முழுவதும் ஒரே கனமாக இருந்தால் பிடிப்பும் ஒரே சீராக இருக்கும். ஓரிடத்தில் கனம் கூடி இன்னோர் இடத்தில் குறைந்திருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பிடி இறுகித் தளரும். ஆம்னி போன்ற சிறிய சக்கர வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 10 சுற்று சுற்றுகிறது. வினாடிக்கு 10 முறை இறுகித் தளரும் பிடி, டை ராட் வழியாக ஸ்டியரிங்குக்கு வந்து நம் கையை உதறுகிறது.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் உதறும் என்று கேட்டால் பலருக்கு வியப்பாக இருக்கும். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே பல வண்டிகளில் உதறலை உண்டாக்கப் போதும். கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. "டிஸ்க் பளபளவென்று நன்றாகத்தான் இருக்கிறது" என்று பட்டறையில் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

இதை "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துருவோ மண்ணோ இருந்தாலும், சக்கர நட்டுகளை ஒன்று அதிகம் ஒன்று குறைவு என்று இறுக்கினாலும், டிஸ்க் மயிரிழை கோணலாக உட்கார்ந்துவிடும். கோணலாகச் சுற்றும் டிஸ்க், பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிக்கொண்டே போகும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த இடம் மட்டும் தேய்ந்து கனம் மாறிவிடும். அப்போதுதான் உதறல் தெரியும். பஞ்சர் போட்டது தை மாதம், உதறல் வந்தது ஆனி மாதம் என்றால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அந்த வயதான மெக்கானிக் சக்கரம் கழற்றிய நாளைக் கேட்டது இதற்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. மலை இறக்கத்திலோ வேகமாக வந்தோ பிரேக் பிடித்து, டிஸ்க் நன்றாகச் சூடேறிய நிலையில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே நின்றால், பேடில் உள்ள பொருள் டிஸ்க்கின் ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும். பேடு தரம் குறைந்ததாக இருந்தால் இது இன்னும் சுலபமாக நடக்கும்.

நாமே செய்யக்கூடிய சோதனைகள்

பட்டறைக்குப் போகுமுன் கீழ்க்கண்டவற்றை வரிசை மாறாமல் செய்துபாருங்கள். ஐந்தாவது சோதனைக்கு ஜாக்கி வேண்டும், மற்றவற்றுக்குச் செலவில்லை.

1. நட்டும் காற்றும்: முதலில் நான்கு சக்கரத்தின் நட்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நட்டு தளர்ந்தாலும் வண்டி உதறும். அது சக்கரம் கழன்று ஓடுவதற்கு முன் வரும் எச்சரிக்கை. பிறகு டயரில் காற்று சரியாக உள்ளதா, டயர் எங்காவது புடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

2. பிரேக் பிடிக்காமல் ஓட்டுவது: நல்ல சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டுங்கள். அப்போதே ஸ்டியரிங் ஆடினால் டயர், பேலன்சிங், நெளிந்த ரிம் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிரேக் பிடித்தால் மட்டும் ஆடினால் சந்தேகம் பிரேக் பக்கம் திரும்புகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தாலே மேலே சொன்ன வியாபாரிக்கு இரண்டு டயரின் விலை மிஞ்சியிருக்கும்.

3. முன்னா, பின்னா: பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறினால் கோளாறு பெரும்பாலும் முன் சக்கரத்தில். ஸ்டியரிங் அமைதியாக இருந்து, உட்கார்ந்திருக்கும் சீட்டும் வண்டியின் தரையும் அதிர்ந்தால் பெரும்பாலும் பின் டிரம்மில். இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. ஆள் நடமாட்டமும் வேறு வண்டியும் இல்லாத, ஈரமில்லாத நேர்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில், கைப்பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். கைப்பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான் வேலை செய்யும். அப்போது அதிர்ந்தால் பின் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது, அதிராவிட்டால் முன்பக்கம்தான். கைப்பிரேக்கைப் படக்கென்று இழுக்கவே கூடாது, வண்டி சுழன்றுவிடும்.

4. சூடு பார்ப்பது: பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி வந்து நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைத் தொடாமல் நீட்டிப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் அங்கே கேலிபர் சிக்கிக்கொண்டு பேடு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் கருகிய வாடை வருவதும் இதற்கு அடையாளங்கள்.

5. ஆட்டம் பார்ப்பது: சமதரையில் மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம். பிறகு சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். மேலும் கீழும் ஆட்டமில்லாமல் இதில் மட்டும் ஆடினால் டை ராட் எண்டைச் சந்தேகிக்கலாம். கீழ்க் கையின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்பதை மட்டும் பட்டறையில் கம்பி கொடுத்து நெம்பித்தான் பார்க்க முடியும்.

இந்த ஐந்தாவது சோதனை பழைய வண்டிக்கு மிக முக்கியம். புது வண்டியில் டிஸ்க் சற்றுக் கோளாறாக இருந்தாலும் மற்ற உறுப்புகள் இறுக்கமாக இருப்பதால் உதறல் கைவரை வராது. பழைய வண்டியில் புஷ்ஷும் பால் ஜாயின்டும் தளர்ந்திருந்தால் அதே சிறு கோளாறு பல மடங்காகத் தெரியும். டிஸ்க்கை மட்டும் மாற்றினால் உதறல் குறையுமே தவிர முழுதும் போகாது. சில மாதத்தில் திரும்பியும் வரும்.

ஒரு எச்சரிக்கை. உதறலோடு பிரேக் பெடல் தரைவரை இறங்கினாலோ, வண்டி ஒரு பக்கம் பலமாக இழுத்தாலோ, இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டாலோ, பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்தாலோ, மேற்சொன்ன ஓட்டச் சோதனை எதுவும் வேண்டாம். வண்டியை அப்படியே நிறுத்தி மெக்கானிக்கை வரவழையுங்கள். அன்றைய லோடுக்கு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

சோதனையில் கண்டதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். எந்த வேகத்தில், பிரேக் பிடித்தா பிடிக்காமலா, லோடோடா காலியாகவா, கையிலா சீட்டிலா என்று நான்கு வரி போதும். "ஸ்டியரிங் ஆடுது, பாருங்க" என்று மொட்டையாகச் சொன்னால் பார்ப்பவரும் மொட்டையாகத்தான் பார்ப்பார்.

டிஸ்க்கின் மேல் சந்தேகம் இருந்தால் டயல் கேஜ் வைத்துக் கோணலையும், மைக்ரோமீட்டர் வைத்துச் சுற்றிலும் எட்டு இடத்தில் கனத்தையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். கனத்தில் பேதம் இருந்து, டிஸ்க்கில் இன்னும் சதை இருந்தால் லேத்தில் கொடுத்துச் சமன்செய்யலாம். குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். சமன்செய்த பிறகு அந்த அளவுக்குக் கீழே போவதாக இருந்தால் புதிதுதான் போட வேண்டும். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், விரிசலும் விடும். ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. பின் டிரம்மையும் இப்படியே லேத்தில் சமன்செய்யலாம். அதற்கும் உள்விட்டத்துக்கு ஓர் உச்ச அளவு உண்டு.

வேலை நடக்கும்போது நாலு விஷயத்தைக் கவனியுங்கள். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துருப்போகத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் புது டிஸ்க்கும் கோணலாகவே உட்காரும். கேலிபரின் பின்கள் தாராளமாக நகர வேண்டும். அதற்குப் பிரேக்குக்கென்று உள்ள கிரீஸைத்தான் போட வேண்டும். டிஸ்க்கும் பேடும் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும். சக்கர நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று தவணையாக, டார்க் ஸ்பேனர் வைத்து ஒரே அளவில் இறுக்க வேண்டும். நீண்ட பைப்பைச் செருகிக் காலால் ஏறி மிதிப்பதும், ஏர் கன்னால் ஒரே மூச்சில் அடிப்பதும்தான் இந்த நோயின் பிறப்பிடம். இனி பஞ்சர் கடையிலும் பக்கத்தில் நின்று இதைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிய சாமானுக்குப் பில் கேளுங்கள். அட்டைப்பெட்டி அசல் போலவே இருந்து உள்ளே வேறு சரக்கு இருக்கும் வித்தை நம் தொழிலில் உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரேக் பேடிலும் அது உண்டு.

புதுப் பேடு போட்ட முதல் நாளே லோடு ஏற்றி அடிக்க வேண்டாம். காலி வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை மிதமாகப் பிரேக் பிடித்துக் குறைப்பது, கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுவது என்று எட்டுப் பத்து முறை செய்தால் பேடும் டிஸ்க்கும் பழகிவிடும். இடையில் முழுதும் நிறுத்தி மிதித்தபடி நிற்கக் கூடாது.

லோடும் மலைப்பாதையும்

ஆம்னி வேனின் சொந்த எடை ஏறக்குறைய 800 கிலோ. டிரைவரும் ஒரு பையனும் ஏறினால் 930 கிலோ என்று வையுங்கள். 50 கிலோ சர்க்கரை மூட்டை பத்தை ஏற்றினால் 1,430 கிலோ. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் ஒன்றரை மடங்கு சூட்டை அதே சின்ன டிஸ்க்கும் டிரம்மும் தாங்க வேண்டும். வேகமோ இதைவிடப் பொல்லாதது. வேகம் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு. 40-ல் வந்து நிறுத்துவதற்கும் 80-ல் வந்து நிறுத்துவதற்கும் உள்ள பேதம் அது.

எங்கள் பக்கம் ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பெங்களூர் சாலையில் தொப்பூர் இறக்கம் விபத்துக்குப் பேர்போன இடம். இந்த மாதிரி இடங்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் கொதித்து, பிரேக் ஆயிலும் கொதித்து, பெடல் பஞ்சு போல் அமுங்கும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோலோ டீசலோ மிச்சமாகும் என்று நியூட்ரலில் போட்டு, சிலர் இன்ஜினையும் நிறுத்திவிட்டு இறங்குகிறார்கள். இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கிடையாது. இரண்டு மூன்று மிதிக்கு மேல் பெடல் கல்லாகிவிடும். இதை உங்கள் டிரைவரிடம் இன்றே சொல்லுங்கள்.

இறங்கி வந்ததும் சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

முடிவாக ஒரு வார்த்தை

உதறல் வந்த அன்றே பிரேக் அறுந்துவிடும் என்று யாரையும் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. சில மாதம் அப்படியே ஓட்டினாலும் வண்டி ஓடும். ஆனால் டிஸ்க்கின் உதறல் பேரிங், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே இருக்கும். கைக்குப் பழகிப்போன உதறலில், நட்டு தளர்ந்ததால் வரும் உதறலை டிரைவரால் பிரித்தறிய முடியாது. பதினைந்து ஆண்டு முடிந்து மறுபதிவுக்குப் போகும்போதும் பிரேக்கைப் பார்ப்பார்கள்.

டிரைவர் "ஸ்டியரிங் உதறுதுங்க" என்று சொன்னால் அன்று மாலையே அரைமணி நேரம் ஒதுக்கி அவரோடு உட்கார்ந்து இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். சரக்கு சேதமானால் அடுத்த லோடில் ஈடுகட்டலாம். வண்டியில் போகிறவர் நம்மை நம்பி வேலைக்கு வந்த ஒரு வீட்டுப் பிள்ளை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.